மொட்டைக்கு முன் எடுத்த படம்

கேள்வி: குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவருக்கு லுங்கித் தறி வேலை. நான் வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். இளையவனுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ஆடி மாதத்தில் ஓர் இரவு, முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்த என் அருகில் வந்து உட்கார்ந்து, "நான் பையன் இல்லையம்மா, பெண். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான்" என்றான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. குழந்தையாக இருந்தபோது, திருத்தணியில் மொட்டை போடுவதற்கு முன், என் சீமந்தப் புடவையை வெட்டிப் பாவாடை தைத்துப் போட்டு, சடை பின்னிப் பூ வைத்து ஸ்டூடியோவில் படம் எடுத்தேன். "அன்றைக்கே பெண் வேஷம் போட்டுப் புத்தியைக் கெடுத்தது நீதான்" என்கிறார் மாமியார். கணவர் வேலூருக்கு அழைத்துப்போய் ஹார்மோன் பரிசோதனை செய்தார். எல்லாம் சரியாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. "அப்படியானால் நடிப்புதான், செல்போன் கெடுத்துவிட்டது" என்கிறார். மூளையே பிறவியில் அப்படி அமைந்திருக்கும் என்கிறாள் மகள். பாகாயம் மனநல மருத்துவமனையில் காட்டு என்கிறார் என் அண்ணன். இதைச் சரிசெய்து அனுப்பும் இடம் ஒன்று இருப்பதாகவும் யாரோ சொன்னார்கள். ஐந்து வயதில் பள்ளியில் பெண்கள் வரிசையில் போய் நின்று டீச்சரிடம் அடி வாங்கியது இப்போதுதான் என் நினைவுக்கு வருகிறது. இது பிறப்பா, வளர்ப்பா? நான் வளர்த்ததில் தப்பா? இன்னொன்று, வரும் மார்கழியில் வாசலுக்குத் தான்தான் கோலம் போடுவேன் என்கிறான். விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். எனக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறது. ஆரணியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. இரட்டைச் சடை, கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, என் அத்தையின் அட்டிகை. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, மீசை நரைத்துவிட்டது, பேரன் இருக்கிறான். நம் பக்கத்தில் மொட்டைக்கு முன் முடி வளர்ந்துவிட்ட ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டிப் படம் எடுக்காத வீடு குறைவு. உங்கள் மாமியாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உங்கள் கணவரும் சடையோடு சிரித்துக்கொண்டிருக்கக்கூடும். சண்டைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாவாடைக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் வட ஆற்காட்டில் மீசையே முளைத்திருக்காது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் முழுக்க 'அவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வருடப் பழக்கம், உடனே மாறாது. நான் 'உங்கள் பிள்ளை' என்றே எழுதப்போகிறேன். மகனுக்கும் மகளுக்கும் பொதுவான சொல் அது. இன்னும் நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி எழுதும்போது தமிழ் எனக்குச் செய்திருக்கும் உதவி என்றே வைத்துக்கொள்கிறேன்.

சீமந்தப் புடவையில் பாவாடை தைத்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், கனடா நாட்டுத் தாய் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரும் தன் கல்யாண உடையை வெட்டித்தான் குழந்தைக்கு ஒரு கவுன் தைத்தார். உங்கள் கேள்விக்கு மருத்துவ உலகம் தேடிய விடையில் பாதி அந்தக் கவுனில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1965இல் வினிபெக் நகரத்தில் அவருக்கு ஒரே அச்சில் வார்த்த இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. எட்டாவது மாதத்தில் முன்தோல் நீக்கும்போது, மின்சாரத்தால் சுடும் கருவி பிசகி, ஒரு குழந்தையின் ஆணுறுப்பு கருகிப்போயிற்று. பதைத்துப்போன பெற்றோர், அமெரிக்காவில் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் மணி என்ற உளவியலாளரைப் போய்ப் பார்த்தார்கள். குழந்தை பிறக்கும்போது அதன் மனத்துக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது, முதல் ஒன்றிரண்டு வருட வளர்ப்புதான் அதை எழுதுகிறது என்பது அவருடைய கொள்கை. பெண்ணாக வளர்த்துவிடுங்கள், பெண்ணாகவே ஆகிவிடும் என்றார். குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டு வயது ஆனபோது அறுவை சிகிச்சை நடந்தது. பிரெண்டா என்று பெயர் மாற்றினார்கள். உடை, பொம்மை, தலைமுடி, பேச்சு எல்லாம் பெண் குழந்தைக்குரியவை. அடுத்த தொட்டிலில் அதே ரத்தமும் அதே முகமும் கொண்ட தம்பி ஆணாக வளர்ந்தான். 1972இல் மணி இதைப் பெரிய வெற்றி என்று எழுதினார், பாடநூல்களும் அதை எடுத்துக்கொண்டன.

வீட்டுக்குள் நடந்தது வேறு. அம்மா ஆசையாகத் தைத்த அந்த முதல் கவுனைப் போட்டுவிட்டபோதே, குழந்தை அதைக் கிழித்து எறியப் பார்த்தது. தம்பியின் பொம்மைகளைப் பிடுங்கிக்கொண்டது. பள்ளியில் பெண்களோடும் ஒட்டவில்லை, ஆண்களோடும் சேரவிடவில்லை. பதினான்காம் வயதில், 1980இல், அப்பா உண்மையைச் சொன்னார். தனக்குப் பைத்தியம் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆணாகவே வாழ்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார். 1997இல் மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் என்ற இருவர் அந்த 'வெற்றி'யின் உண்மைக் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பல துயரங்கள் சேர்ந்து அழுத்த, 2004இல் 38 வயதில் டேவிட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதை எழுதும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கை தயங்குகிறது.

சகோதரி, ஒரு குழந்தையின் பெயரை மாற்றி, உடம்பை மாற்றி, ஹார்மோன் கொடுத்து, ஒரு குடும்பமே பன்னிரண்டு வருடம் பாடுபட்டும் உள்ளே இருந்த உணர்வை மாற்ற முடியவில்லை. நீங்கள் ஒரு பிற்பகல் ஸ்டூடியோவில் கட்டிவிட்ட பாவாடை மாற்றிவிட்டது என்பதை நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

ஆனால் உங்கள் மகள் சொல்வதுபோல 'எல்லாம் பிறவி' என்று முடித்துவிடவும் முடியாது. அவளிடம் சொல்லுங்கள், அவள் பாதி தூரம் சரியாகவே போயிருக்கிறாள். கனடாவிலேயே அதே விபத்துக்கு ஆளான இன்னொரு குழந்தை உண்டு. அதையும் பெண்ணாகவே வளர்த்தார்கள். வளர்ந்த பிறகும் அவர் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்தார் என்று 1998இல் எழுதியிருக்கிறார்கள். அடிவயிறு சரியாக மூடாமல், ஆணுறுப்பு உருவாகாமல் பிறக்கும் அரிய குறைபாடு ஒன்று இருக்கிறது. அப்படிப் பிறந்த ஆண் குழந்தைகளில் 14 பேரைப் பிறந்த உடனேயே பெண்ணாக்கி வளர்த்திருந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்துதான் வந்தது. எட்டுப் பேர், தங்கள் பிறப்பைப் பற்றி யாரும் சொல்லாமலோ சொன்ன பிறகோ, தாங்கள் ஆண் என்றார்கள். ஐந்து பேர் பெண்ணாகவே இருந்தார்கள். ஒருவர் இதைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். பதினான்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் என்னைப் போன்ற மனநல மருத்துவர்களுக்கு வேலை எளிதாகியிருக்கும். சாயவில்லை.

எங்கள் தொழிலில் அவ்வப்போது காணும் ஒன்றையும் சொல்கிறேன். பதினேழு வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்று ஒரு பெண்ணை அழைத்து வருவார்கள். சடங்கு செய்யவில்லையே, சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே என்று அம்மா அழுவார். பரிசோதனையில் சிலருக்குக் குரோமோசோம் ஆணுக்குரியதாக இருக்கும். உடம்பில் ஆண் ஹார்மோனும் சுரக்கும், ஆனால் அதை ஏற்றுக்கொள்ளும் திறன் உடம்புக்கு இராது. அதனால் கருவிலிருந்தே உருவம் பெண்ணாக வளர்ந்துவிடுகிறது. மகப்பேறு மருத்துவர் அதைச் சொல்லிவிட்டு எங்களிடம் அனுப்புவார். அந்தப் பெண்ணிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், உள்ளும் புறமும் பெண். உலகெங்கும் இந்த நிலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாகவே வாழ்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் குரோமோசோம் அவர்கள் யார் என்று சொல்லவில்லை. உங்கள் கணவர் கையில் வைத்திருக்கும் ரிப்போர்ட்டும் அப்படித்தான். டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவில் இருக்கிறது என்றால், உங்கள் பிள்ளையின் உடம்பு ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். தன்னை யாராக உணர்கிறது என்பதை அளக்கும் குழாய் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. திருநங்கைகள் பலருக்கு அந்த ரிப்போர்ட் 'சரியாகவே' வரும். அந்தக் காகிதத்தை வைத்து நடிப்பு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

மூளை என்று மகள் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இறந்துபோன திருநங்கைகளின் மூளையில் ஒரு சிறு பகுதி பெண்களுடையதை ஒத்திருப்பதாக எழுதினார்கள். உலகமே பேசியது. அவர்கள் பார்த்த திருநங்கை மூளைகள் ஆறு. ஆறு பேரை வைத்துக்கொண்டு ஊருக்குச் சட்டம் எழுத முடியாது. பிறகு வந்தவற்றில் சில அதோடு பொருந்தின, சில பொருந்தவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மரபணுவில் பங்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இரட்டையர்களிடம் கிடைக்கிறது. 2012இல் தொகுத்த ஒரு கணக்கில், ஒரே அச்சு இரட்டையர்களில் ஒருவராவது திருநராக, அதாவது திருநங்கையாகவோ திருநம்பியாகவோ, இருந்த 23 ஜோடிகளில், ஒன்பது ஜோடிகளில் இருவருமே அப்படி இருந்தார்கள். தனித்தனிக் கருவில் உருவான ஒரே பால் இரட்டையர் 21 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. அந்த ஒன்பது, மரபணுவின் பங்கைக் காட்டுகிறது. மீதிப் பதினான்கு, மரபணு மட்டுமே போதாது என்பதைக் காட்டுகிறது.

அப்படியானால் வளர்ப்பும் ஊரும் என்னதான் செய்கின்றன? நிறையவே செய்கின்றன, ஆனால் உங்கள் மாமியார் நினைக்கும் இடத்தில் செய்வதில்லை. ஆண் என்றால் எப்படி இருக்க வேண்டும், பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற அடையாளங்கள் அத்தனையும் ஊர் கொடுத்தவை. உங்கள் கொள்ளுத் தாத்தா குடுமி முடிந்து, காதில் கடுக்கன் போட்டுக்கொண்டுதான் தறியில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அதுவே ஆண்மைக்கு அழகு. இன்று அவர் பேரனின் பேரன் காதில் தோடு போட்டால் வீட்டில் கூச்சல். யார் அழலாம், யார் சமைக்கலாம், யார் டிவிஎஸ் வண்டியில் முன்னால் உட்காரலாம், யார் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டலாம் என்பதெல்லாம் கற்றுக்கொடுத்து வருபவை. காலத்துக்குக் காலம் மாறுகின்றன, தெருவுக்குத் தெருவும் மாறுகின்றன.

நம் மாவட்டத்துக்காரருக்கு இதைப் புரியவைக்கக் கூத்து ஒன்றே போதும். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது துகிலுரிதல் இரவில் போய் உட்கார்ந்திருப்பீர்கள். திரௌபதியாக வருபவர் ஓர் ஆண். அவர் விரித்த கூந்தலோடு அழும்போது நம் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். விடிந்ததும் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் தன் நிலத்தைப் பார்க்கப் போகிறார். முப்பது வருடம் பெண் வேடம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். வேடம் அவர்களைப் பெண்ணாக்கவில்லை. இன்னும் சிலர் உண்டு. அவர்களுக்கு அந்த இரவு மட்டுமே நிஜமாக இருக்கும், விடிந்த பிறகு வேட்டியைக் கட்டுவதுதான் வேடமாக இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார், ஒரே பயிற்சி, ஒரே மேடை. கற்றுக்கொடுத்தது ஒன்றாகவே இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருக்கிறது.

இதனால்தான், உங்கள் கடிதத்தில் மாமியாரின் குற்றச்சாட்டைவிட, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தப் பள்ளி வரிசை என்னை நிறுத்திவைத்தது. பெரும்பாலான குழந்தைகள் இரண்டரை, மூன்று வயதிலேயே தான் பையனா பெண்ணா என்று சொல்லிவிடுகின்றன. யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. டீச்சர் 'ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்' என்றதும் கால்கள் தாமாகப் போகின்றன. உங்கள் பிள்ளையின் கால்களும் தாமாகத்தான் போயின. அடி விழுந்த பிறகு அடுத்த நாள் ஆண்கள் வரிசையில் நின்றிருக்கும். அதுதான் ஊர் கற்றுக்கொடுத்தது. எந்த வரிசையில் நின்றால் அடி விழாது என்பதை ஐந்து வயதில் கற்றுக்கொண்டு, பதினொரு வருடம் அதை மறக்காமல் நடந்துகொண்டு, ஆடி மாதத்து இரவில் உங்கள் முறத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நடிப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அது அந்தப் பதினொரு வருடமாக இருக்கலாம் என்பதை உங்கள் கணவர் யோசித்துப் பார்க்கட்டும்.

செல்போனைப் பற்றி அவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவில்லை. பெயர் தெரியாமல் தவித்த ஒன்றுக்குப் பெயர் அங்கே கிடைத்திருக்கும். வேறு ஏதோ குழப்பத்தில் இருக்கும் பிள்ளை, கைக்குக் கிடைத்த பெயரை எடுத்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதைப் பிரித்தறியத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம், அதற்குப் பல மாதம் ஆகும். ஆனால் செல்போன்தான் இவர்களை உண்டாக்கியது என்பது தவறு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று இவர்களுக்கு இடம் ஒதுக்கி, உயர்திணையில் வைத்து, எந்த வினைமுற்றுக் கொடுத்துப் பேசுவது என்று யோசித்திருக்கிறார். அவர் காலத்து ஊரிலும் ஒரு வீட்டில் இப்படி ஒரு தாய் கலங்கியிருப்பார்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'பிறப்பா, வளர்ப்பா' என்று எழுதியிருந்தாலும், 'பழி யார்மேல்' என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் தாய்மார்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தகப்பன்மார் கேட்பது குறைவு. பழி உங்கள்மேல் இல்லை. மருத்துவம் இன்று அறிந்தவரை, கருவில் ஹார்மோன் செய்யும் வேலையும் மரபணுவும் இன்னும் பிடிபடாத சிலவும் சேர்ந்து இது உருவாகிறது. தாய் அதிகம் கொஞ்சியதால், தந்தை அதிகம் அடித்ததால், அக்காவோடு விளையாடியதால் இது உண்டாகும் என்று காட்டிய ஆய்வு எதுவும் தாக்குப்பிடிக்கவில்லை.

உங்கள் மாமியாரை மட்டும் குறை சொல்லாதீர்கள். அவர் இன்று சொல்வதை ஒரு காலத்தில் எங்கள் துறைப் பெரியவர்களே சொன்னார்கள். 'பாலின அடையாளம்' என்ற சொல்லைப் பரப்பிய அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலர், 1960களில், தாய் பிள்ளையை மிகவும் ஒட்டி வளர்ப்பதும் தந்தை விலகி நிற்பதுமே காரணம் என்று எழுதினார். நான் படித்த காலத்திலும் அந்த வாடை இருந்தது. 1990களின் கடைசியில், புதிதாகத் தொழிலுக்கு வந்திருந்த நான், உங்கள் பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "வயிற்றில் இருக்கும்போது பெண் வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவிடம், பையனைக் கபடிக்கு அனுப்புங்கள், மாமன்மாரோடு பழகவிடுங்கள், அம்மாவோடு அடுப்படியில் உட்காரவிடாதீர்கள் என்றேன். நான் சொன்னதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். ஒன்பது மாதம் கழித்துக் காட்பாடியில் அந்தப் பிள்ளை பெங்களூர் ரயில் ஏறிவிட்டது. அதற்குப் பின் வருடத்துக்கு ஒருமுறை அந்த அப்பா என் கிளினிக்குக்கு வருவார். மருந்து கேட்க மாட்டார். "எங்கேயாவது கேள்விப்பட்டீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். ஆறேழு வருடம் வந்தார்.

அதனால்தான் அந்தச் 'சரிசெய்யும் இடம்' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அங்கே அனுப்பாதீர்கள். மந்திரித்தாலும், கட்டிப்போட்டாலும், ஊசி போட்டாலும், உபதேசம் செய்தாலும் இது மாறியதில்லை. பிள்ளைதான் நொறுங்கிப்போகும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு, இப்படி 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடைசெய்தது. அந்த வழக்கில், தனக்கு இது பற்றித் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒரு நீதிபதி செய்ததை இந்த மருத்துவர் அந்த 1990களிலேயே செய்திருக்கலாம். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது.

உங்கள் அண்ணன் பாகாயம் என்று சொன்னதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே பைத்தியம் என்று பொருள்கொள்வது ஒரு கெட்ட வழக்கம். இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளை பதினொரு வருடம் ஒன்றைத் தனியாகச் சுமந்திருக்கிறது, அதன் களைப்பைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வேலூரில் எந்தப் பெரிய மருத்துவமனையாக இருந்தாலும், மாவட்ட அரசு மருத்துவமனையாக இருந்தாலும் அதற்கு இடம் உண்டு. போகும்போது கணவரும் கூட வரட்டும். உள்ளே பிள்ளையோடு மருத்துவர் தனியாகப் பேசட்டும், நீங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.

இது எங்கே போய் நிற்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதை நினைத்துத்தான் தூக்கம் வராமல் இருப்பீர்கள். மிகச் சிறு வயதில் இப்படிச் சொல்லும் குழந்தைகளில் பலருக்குப் பருவம் வரும்போது அது தணிந்துவிட்டதாக எழுதிய ஆய்வுகள் உண்டு. அவற்றில் வெறுமனே விளையாட்டும் உடையும் மாறியிருந்த குழந்தைகளையும் சேர்த்துவிட்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு. பருவம் வந்த பிறகும் நிலைத்திருந்தால் பெரும்பாலும் நிலைக்கிறது. உங்கள் பிள்ளைக்கு எது என்பதை நான் கடிதத்தில் சொல்வது பொய்ச் சோதிடமாகிவிடும். சிலர் பெண் தன்மையுள்ள ஆண்களாகவே நிறைவாக வாழ்கிறார்கள். சிலருக்கு விஷயம் யார்மேல் ஈர்ப்பு என்பதாக இருக்கும், தான் யார் என்பதாக இராது. அவை இரண்டும் வேறு. சிலர் திருநங்கையாக வாழ்கிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்கு என்ன செய்யும் என்று பயப்படுகிறீர்கள் என்றால், அதற்கு மருந்து படிப்பு. பிளஸ் ஒன் நடுவில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பள்ளியா என்று நீங்கள் எழுதவில்லை. கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் மெதுவாகக் கேளுங்கள். அறுவை சிகிச்சை என்ற பேச்சு பதினெட்டு வயதுக்கு முன் கிடையாது. அந்தப் பயத்தை இப்போது இறக்கி வைத்துவிடலாம்.

உடனே செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, கடையில் யாரும் சொல்லாமல் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறதா என்று கேளுங்கள். உடம்பு பெண்ணைப்போல் மாறும் என்று நம்பிப் பல பிள்ளைகள் அளவு தெரியாமல் விழுங்குகின்றன. காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். திட்டினால் மறைத்துவிடும், மாத்திரை அட்டையைப் பார்த்தால் எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு, "செத்துப்போகலாம் போல இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் புதிதாக எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததாக இருக்கும். வீட்டில் எலி மருந்து, பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். நடு இரவில் பயம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். அரசு சேவைதான், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

அப்பாவை உடனே மாற்றிவிட முடியாது. தறியில் நூல் அறுந்தால் எப்படிப் பொறுமையாக முடிச்சுப் போடுவாரோ அந்தக் கை அவருக்கு இருக்கிறது, நேரம் கொடுங்கள். இப்போதைக்கு அடிக்கக்கூடாது, முடியைப் பிடித்து வெட்டக்கூடாது, சொந்தக்காரர் முன் கேலி செய்யக்கூடாது என்ற மூன்றை மட்டும் அவரிடம் வாங்கிவிடுங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். வைகாசி முதல் நாளில் கெங்கையம்மன் சிரசை வேறோர் உடலில் பொருத்திவைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர் உங்களுடையது. அவரிடம் பேச வேண்டியதை என்னைவிட அம்மனே நன்றாகப் பேசுவாள்.

கோலத்துக்கு வருவோம். போடட்டும். கோலம் போடுவதால் பெண்ணாகிவிடவும் மாட்டார், போடவிடாவிட்டால் ஆணாகிவிடவும் மாட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பனியில் குனிந்து வாசல் தெளிக்க ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தானாக முன்வருகிறது என்றால், எந்த வீட்டிலும் அதை வேண்டாம் என்று சொல்வார்களா? எதிர்வீட்டு அம்மாள் பார்ப்பார், பார்க்கட்டும். முதல் நாள் நீங்களும் சாணம் கரைத்த வாளியோடு கூடப் போய் நில்லுங்கள். மாமியாருக்குப் பழைய புள்ளிக் கோலங்கள் கைவசம் இருக்கும், நம் பக்கத்துப் பாட்டிகள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் வரிசைகள். பிள்ளை போய், "இந்த இருபத்தோரு புள்ளிக்கு எப்படி வளைப்பது, ஆயா?" என்று கேட்டால், எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று பாருங்கள்.